டுசெல்டோர்ஃபில் ஜப்பானிய உணவகம்: மேசை பிடிப்பது முதல் பில் கட்டுவது வரை

ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரில் முதன்மை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், எதிரிலேயே இம்மர்மன்ஸ்ட்ராசே என்னும் சாலை தொடங்குகிறது. அந்தச் சாலையிலும் அதை ஒட்டிய குளோஸ்டர்ஸ்ட்ராசே, ஓஸ்ட்ஸ்ட்ராசே ஆகிய தெருக்களிலும் சூப்பில் நூடுல்ஸ் தரும் ராமென் கடைகள், சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீன் சேர்த்துத் தரும் சூஷி உணவகங்கள், ஜப்பானிய பேக்கரி, புத்தகக் கடை, மளிகைக் கடைகள் எல்லாம் நடந்தே சுற்றிவரக்கூடிய தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. 2021 டிசம்பரில் இம்மர்மன்ஸ்ட்ராசேயின் பெயர்ப்பலகையிலேயே ஜெர்மன் எழுத்தோடு ஜப்பானிய எழுத்தும் ஏறியது. ஐரோப்பாவில் ஜப்பானிய உணவைப் பழகிக்கொள்ள ஒரு நகரத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், இலண்டனுக்கும் பாரிசுக்கும் முன்னால் இந்த நகரத்தைத்தான் நான் சொல்வேன்.

இந்தத் தெருவை உருவாக்கியது வணிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களில், ரூர் பகுதியின் எஃகையும் இயந்திரங்களையும் நாடி வந்த ஜப்பானிய வணிக நிறுவனங்கள் இங்கே அலுவலகங்களைத் திறந்தன. சில ஆண்டுப் பணிக்காக ஊழியர்கள் குடும்பத்தோடு வந்தார்கள்; அவர்கள் ஊர் திரும்பியதும் அந்த இடத்துக்கு வேறு குடும்பங்கள் வந்தன. பிள்ளைகளுக்காக 1971இல் ஜப்பானியப் பள்ளி தொடங்கப்பட்டது. 1978இல் இம்மர்மன்ஸ்ட்ராசேயில் ஹோட்டலும் அலுவலகங்களும் அடங்கிய ஜெர்மன்-ஜப்பானிய மையம் எழுந்தது. ஆகவே இங்குள்ள பழைய உணவகங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிய ஜப்பானியருக்குச் சமைப்பதற்காகவே அடுப்பு மூட்டியவை. இன்றும் மதிய வேளையில் பக்கத்து மேசையில் ஜப்பானிய அலுவலர்கள் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். சமையலறையின் தரம் குறையாமல் இருப்பதற்கு அவர்களின் நாக்கு ஒரு முக்கியக் காரணம்.

இருந்தாலும் இது ஜப்பான் ஆகிவிடாது. குச்சியைப் பிடிப்பது, கிண்ணத்தைத் தூக்குவது, சூஷியைத் தொட்டுக்கொள்வது ஆகியவற்றில் ஜப்பானிய வழக்கம் நடக்கிறது. முன்பதிவு, குடிநீர், ஒவ்வாமைக் குறிப்பு, டிப்ஸ், பணம் கட்டும் முறை ஆகியவற்றில் ஜெர்மன் வழக்கமும் ஐரோப்பியச் சட்டமும் நடக்கின்றன. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விரண்டையும் இடம் மாற்றிப் போடும்போதுதான். ஜப்பானில் இலவசமாகத் தண்ணீர் வரும் என்று படித்துவிட்டு இங்கே காத்திருப்பார்கள். ஜப்பானில் டிப்ஸ் கொடுப்பது வழக்கமில்லை என்று கேள்விப்பட்டு இங்கேயும் கொடுக்காமல் எழுந்துவிடுவார்கள். கீழே வரும் படிகளில் எந்த இடத்தில் எந்த நாட்டு வழக்கம் செல்லும் என்பதை அங்கங்கே குறிப்பிட்டுள்ளேன்.

முதல் படி: கடையின் வகையைத் தேர்ந்தெடுத்தல்

ஜப்பானில் ஒரு கடை ஒரு வகை உணவில் தேர்ச்சி பெறுவதே இயல்பு. ராமென் கடையில் சூஷி கிடைக்காது. சூஷி கடையில் ராமென் கிடைக்காது. டுசெல்டோர்ஃபிலும் நல்ல கடைகள் பலவும் இந்த இயல்பைக் காக்கின்றன. எனவே 'ஜப்பானிய உணவகத்துக்குப் போகலாம்' என்று கிளம்பாமல், அன்றைக்கு என்ன சாப்பிட விரும்புகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

விரைவாகவும் மலிவாகவும் வயிறு நிறைய வேண்டுமானால் ராமென் கடை. ஒரு கிண்ணம் ஏறத்தாழ 12 முதல் 18 யூரோவுக்குள் அடங்கும். இம்மர்மன்ஸ்ட்ராசேயில் உள்ள தாக்குமி இந்த வகையில் பெயர் பெற்றது. அதன் வாசலில் நிற்கும் வரிசையே அதன் அடையாளம் ஆகிவிட்டது. நண்பர்களோடு சிறு சிறு தட்டுகளைப் பகிர்ந்து, குடித்து, பேசிக்கொண்டே சாப்பிட விரும்பினால் இசகாயா என்னும் வகைக் கடைக்குப் போக வேண்டும். சோறு, சூப், ஊறுகாய், ஒரு முதன்மைப் பதார்த்தம் ஆகியவை ஒரே தட்டில் வரும் தெய்ஷோகு சாப்பாட்டை மதிய நேரத்தில் பல உணவகங்கள் தருகின்றன. முதன்முறை வருபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. குளோஸ்டர்ஸ்ட்ராசேயில் உள்ள கிகாகு நகரின் பழைய ஜப்பானிய உணவகங்களில் ஒன்று. அதே தெருவில் உள்ள நாகாயா, மிஷெலின் என்னும் உணவக வழிகாட்டி சிறந்த உணவகங்களுக்குத் தரும் நட்சத்திரத்தைப் பெற்றது. அங்கே பல சுற்றுகளாக வரும் இரவு விருந்துக்கு ஆளுக்கு 100 யூரோவைத் தாண்டியே செலவாகும்.

ஐரோப்பிய நகரங்கள் அனைத்திலும் சூஷியோடு தாய்லாந்துக் குழம்பும் பீக்கிங் வாத்தும் ஒரே பட்டியலில் இருக்கும் கடைகள் உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று அறிவிக்கும் கடைகளும் உண்டு. அவற்றில் கைக்கணினியில் சுற்றுச் சுற்றாக ஆர்டர் செய்ய வேண்டும். தட்டில் மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் விதிப்பதும் வழக்கம். பிள்ளைகளோடு போய்ச் சூஷியை அறிமுகப்படுத்த அவை கெட்ட இடங்கள் அல்ல. ஆனால் அங்கே சாப்பிட்டுவிட்டு ஜப்பானிய உணவு இவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதக் கூடாது. கடையை மதிப்பிட எளிய வழி உணவுப் பட்டியலின் நீளத்தைப் பார்ப்பதுதான். பட்டியல் சுருக்கமாகவும், ஜப்பானிய எழுத்தும் சேர்ந்தும், ஒரு வகை உணவைச் சுற்றியே அமைந்தும் இருந்தால் உள்ளே போகலாம்.

இரண்டாம் படி: நேரமும் முன்பதிவும்

இதில் ஜெர்மன் ஒழுங்கே ஆட்சி செய்கிறது. பல உணவகங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூடி, மாலையில்தான் மறுபடி திறக்கின்றன. பிற்பகல் 3 மணிக்குப் பசியோடு போய் நின்றால் ராமென் கடைகளும் பேக்கரியும்தான் கைகொடுக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. ஜெர்மனியில் அதை 'ரூஹெடாக்' என்று வாசலில் எழுதி வைத்திருப்பார்கள். கடைசி ஆர்டர் எடுக்கும் நேரம், மூடும் நேரத்துக்கு அரை மணி அல்லது அதற்கும் முன்பே முடிந்துவிடும்.

ராமென் கடைகளில் பொதுவாக முன்பதிவு கிடையாது. வரிசையில் நிற்க வேண்டியதுதான். மற்றக் கடைகளுக்கு, முக்கியமாக வெள்ளி, சனி மாலைகளில், முன்பதிவு இல்லாமல் போவது வீண். சமையல்காரரின் விருப்பத்துக்கே உணவை விட்டுவிடும் ஒமகாசே விருந்துக்குப் போவதென்றால், ஒவ்வாமை, மதக் கட்டுப்பாடு, சைவம் ஆகியவற்றை முன்பதிவின்போதே சொல்லியாக வேண்டும். அன்றைய மீனை அன்று காலையிலேயே திட்டமிட்டுவிடும் சமையல்காரரிடம், மேசையில் உட்கார்ந்தபின் 'நான் நண்டு சாப்பிட மாட்டேன்' என்று சொல்வது அவருக்கும் சங்கடம், நமக்கும் நட்டம். வர முடியாமல் போனால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்; உயர்தர உணவகங்கள் சில, சொல்லாமல் வராதவர்களிடம் அட்டையிலிருந்து தொகை பிடித்துக்கொள்கின்றன.

ஆண்டுதோறும் மே அல்லது ஜூன் மாதத்தில் ரைன் நதிக்கரையில் ஜப்பான் நாள் விழா நடக்கிறது. 2002இல் தொடங்கிய இந்த விழாவின் இரவு வாணவேடிக்கையைக் காணப் பல லட்சம் பேர் கூடுகிறார்கள். விழாவைப் பார்க்க அந்த நாளில் வாருங்கள். நிதானமாகச் சாப்பிட வேறொரு நாளில் வாருங்கள்.

மூன்றாம் படி: உட்கார்ந்ததும்

வாசலில் நின்று, பணியாளர் இடம் காட்டும்வரை காத்திருப்பது நல்லது. உட்கார்ந்ததும் ஈரமான சிறு துண்டு ஒன்று வரலாம். குளிர்காலத்தில் சூடாகவும் கோடையில் குளிர்ச்சியாகவும் வரும் அதற்கு ஒஷிபோரி என்று பெயர். அது கைகளைத் துடைப்பதற்கு மட்டுமே. முகத்தையோ மேசையையோ துடைக்க வேண்டாம்.

அடுத்துத் தண்ணீர். ஜப்பானில் கேட்காமலே வரும் தண்ணீர் இங்கே வராது. ஜெர்மானிய உணவகங்களில் தண்ணீர் என்றால் புட்டியில் வரும் விலையுள்ள கனிமநீர். அதுவும் பொதுவாக வாயு ஏற்றியது. வாயு இல்லாதது வேண்டுமானால் 'ஷ்டிலெஸ் வாசர்' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரைக் கேட்கலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் கடைக்கு இல்லை. நம் ஊரில் முதலில் தண்ணீர்தான் வைப்பார்கள் என்பதால் இது நம்மவர்களுக்கு உறுத்தும். ஆனால் இதில் உணவகத்தின்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. இது அந்த நாட்டு வழக்கம். காசு கொடுத்தே குடிக்க வேண்டும் என்றால் பச்சைத் தேநீரையோ, வறுத்த அரிசி சேர்ந்த கென்மாய்ச்சா தேநீரையோ கேட்டுக் குடிப்பது உணவோடும் பொருந்தும்.

பணியாளரை அழைக்க 'சுமிமாசென்' என்று மெல்லச் சொல்லலாம். கண்ணைப் பார்த்துக் கையைச் சற்று உயர்த்தும் ஜெர்மன் வழியும் செல்லும். பணியாளர்கள் எல்லாரும் ஜப்பானியர் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆங்கிலம் அநேகமாக எல்லா இடத்திலும் புரியும்.

நான்காம் படி: தட்டில் என்ன இருக்கிறது என்று அறிதல்

தமிழ் வாசகர்களில் பலருக்கு இதுவே முதன்மையான படி. டுசெல்டோர்ஃப் அமைந்துள்ள நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். விரத நாளிலும் கோயிலுக்குப் போய்வந்த பின்னும் சைவமாகவே சாப்பிட விரும்புபவர்கள், ஜப்பானியச் சமையலின் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அடிப்படை தாஷி என்னும் சாறு. கோம்பு என்ற கடற்பாசியையும், காயவைத்துப் புகையிட்ட சூரை வகை மீனின் சீவல்களையும் ஊறவைத்து இந்தச் சாற்றை எடுக்கிறார்கள். நம் சமையலில் புளிக்கரைசல் கண்ணுக்குத் தெரியாமல் குழம்புக்குள் இருப்பதைப்போல, ஜப்பானியச் சமையலில் தாஷி இருக்கிறது. மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த சூப்பில் மீன் துண்டு மிதக்காது. ஆனால் சூப்பே மீன் சாறு. பொரித்த தோஃபு என்னும் சோயாப்பால் கட்டியின்மேல் ஊற்றும் குழம்பு, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறு, உடோன், சோபா நூடுல்ஸ்களின் சூப், சுருட்டிய முட்டைப் பொரியல், கீரையின்மேல் ஊற்றும் எள் சாந்து ஆகிய எல்லாவற்றிலும் தாஷி கலந்திருக்க வாய்ப்புண்டு. 'இதில் மீன் இருக்கிறதா?' என்று கேட்டால், துண்டு மீனை மனத்தில் வைத்துக்கொண்டு 'இல்லை' என்று பணியாளர் நேர்மையாகவே பதில் சொல்லிவிடலாம். எனவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: 'இதன் தாஷி எதிலிருந்து எடுத்தது? கடற்பாசியும் காளானும் மட்டுமா, மீனும் உண்டா?' இப்படிக் கேட்டால் சமையலறைக்குப் போய் விசாரித்து வருவார்கள்.

இந்த ஜப்பானியச் சிக்கலுக்கு ஐரோப்பியச் சட்டம் ஒரு சாவி வைத்திருக்கிறது. 2014 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது கட்டாயம். பட்டியலில் ஒவ்வோர் உணவின் பெயருக்கும் அருகே சிறிய எழுத்தாகவோ எண்ணாகவோ அச்சிட்டிருப்பது அதுதான். விளக்கம் பட்டியலின் அடியிலோ கடைசிப் பக்கத்திலோ இருக்கும். சில கடைகள் தனிக் கோப்பில் வைத்திருக்கும், கேட்டால் தருவார்கள். அந்தப் பதினான்கில் மீன், முட்டை, பால், ஓடுள்ள கடல் உயிரினங்கள், எள், சோயா, கோதுமை எல்லாம் அடக்கம். மிசோ சூப்புக்கு நேரே மீனின் குறி இருந்தால், மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். காய்கறி தெம்புராவுக்கு முட்டையின் குறி இருந்தால் மாவில் முட்டை கலந்திருக்கிறது என்று பொருள். எந்த எழுத்து எதைக் குறிக்கும் என்பது கடைக்குக் கடை மாறலாம் என்பதால், விளக்கத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சாவிக்கும் ஓர் எல்லை உண்டு. பன்றியும் மாடும் கோழியும் அந்தப் பதினான்கில் இல்லை. ராமென் சூப்பில் பெரும்பகுதி எலும்புச் சாறு. டோன்கோட்சு என்பது பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுத்த வெண்மையான சாறு. ஷோயு, ஷியோ, மிசோ என்று வரும் மற்ற வகைகள் சோயா சாஸ், உப்பு, மிசோ ஆகிய சுவைச் சேர்மானங்களால் பெயர் பெற்றவை. அவற்றின் அடிச்சாறும் பன்றி அல்லது கோழியாகவே இருக்கக்கூடும். மிசோ ராமென் என்றால் சைவம் என்று நம்பி ஆர்டர் செய்பவர்கள் பலர். வீகன், அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்று வெளிப்படையாக எழுதியுள்ள ராமென் மட்டுமே சைவ உணவு உண்பவர்களுக்கு உரியது. நல்ல வேளையாக, ஜெர்மனியில் வீகன் உணவுக்கு நல்ல தேவை இருப்பதால் பல ராமென் கடைகளில் அது கிடைக்கிறது. ஜப்பானியக் கறி சோற்றின் குழம்புக் கட்டிகளிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்வதுண்டு. மேலே காய்கறி மட்டும் இருப்பதைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். ஹலால் உணவைக் கடைப்பிடிப்பவர்கள் மிரின், சாகே என்னும் இரண்டு பெயர்களையும் நினைவில் வைக்க வேண்டும். இவை அரிசியிலிருந்து வரும் மது. தெரியாக்கி முதலான பல சாஸ்களில் சேர்கின்றன.

பயம் காட்டியது போதும். நம்பிக் கேட்கக்கூடியவையும் இருக்கின்றன. உப்பிட்டு அவித்த எடமாமே என்னும் இளஞ்சோயாக் காய், வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாகி, அவகாடோ மாகி, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் வைத்த மாகி ஆகியவை பொதுவாகச் சைவம். கத்தரிக்காயைப் பாதியாக வெட்டி, இனிப்பு மிசோ தடவிச் சுடும் நாசு தெங்காகுவை நம்மவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்ததில்லை. மிசோவில் தாஷியோ மிரினோ கலந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இனாரி என்னும் இனிப்புத் தோஃபுப் பைக்குள் சோறு வைத்த சூஷி பார்வைக்குச் சைவம். அந்தத் தோஃபுவைத் தாஷியில் கொதிக்கவைத்திருப்பார்கள் என்பதால் கேட்டே வாங்க வேண்டும். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்களுக்கு ராமென் கடை ஒத்துவராது. வெங்காயத்தாள் எல்லாவற்றின்மேலும் விழுகிறது.

பிள்ளைகளுக்கு உடோன் நூடுல்ஸும், அசைவம் சாப்பிடுகிறவர்களானால் காராகே என்னும் பொரித்த கோழியும் தயக்கமில்லாமல் இறங்கும். காரம் தேடுபவர்கள் மேசையில் இருக்கும் ஷிச்சிமி என்னும் ஏழு சேர்மானப் பொடியையும் மிளகாய் எண்ணெயையும் பயன்படுத்தலாம். ஆனால் முதல் வாயை அப்படியே சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தூவுங்கள். சமைத்தவர் முதல் கவளத்திலேயே சொல்ல வந்ததை மிளகாய் மறைத்துவிடும்.

ஐந்தாம் படி: பச்சை மீனைப் பற்றிய தயக்கம்

பச்சை மீன் என்றால் முகம் சுளிப்பவர்களுக்குச் சட்டம் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, பச்சையாக உண்ணக் கொடுக்கும் மீனை ஒட்டுண்ணிகள் சாகும்வகையில் −20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரமோ, −35 டிகிரியில் குறைந்தது 15 மணி நேரமோ உறையவைத்திருக்க வேண்டும். ஒட்டுண்ணி இல்லாத சூழலில் பண்ணையில் வளர்த்த மீன்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே 'இன்று காலை பிடித்த மீனா?' என்ற கேள்வி இங்கே அவ்வளவு பொருளுள்ளது அல்ல, உறையவைத்ததே பாதுகாப்பு. ஆனால் உறைபனி நுண்ணுயிர்களை ஒழிப்பதில்லை. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்களும் சமைத்த உணவையே கேட்பது நல்லது.

சால்மன் சூஷியை ஜப்பானின் தொன்மையான உணவு என்று பலரும் நினைக்கிறார்கள். பசிபிக் சால்மனில் ஒட்டுண்ணி இருப்பதால் ஜப்பானியர் அதைப் பச்சையாகச் சாப்பிடாமல் இருந்தார்கள். 1980களில் நார்வே தன் பண்ணை சால்மனை ஜப்பானில் விற்க எடுத்த முயற்சிக்குப் பிறகே அது சூஷியின்மேல் ஏறியது. ஆகவே ஐரோப்பாவில் உட்கார்ந்து சால்மன் சூஷி கேட்பது எந்த வகையிலும் குறைவானது அல்ல. நஞ்சுள்ள ஃபுகு மீனைத் தேடி வருபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அந்த மீன் குடும்பத்தை விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது.

ஆறாம் படி: குச்சியும் கிண்ணமும்

இங்கிருந்து ஜப்பானிய வழக்கம். குச்சி பிடிக்க வராவிட்டால் முள்கரண்டி கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். எல்லாக் கடைகளிலும் இருக்கும். பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் விதிகள். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது; இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்புகளை அப்படித்தான் எடுத்துத் தருவார்கள். இந்த இரண்டும் சாவோடு தொடர்புடையவை என்பதால் ஜப்பானியர் மனத்தை உண்மையாகவே உறுத்தும். உணவைக் குத்தி எடுப்பது, குச்சியால் ஆளைச் சுட்டுவது, மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தேய்ப்பது ஆகியவை சிறிய பிழைகள். பயன்படுத்தாதபோது அதற்கென வைத்திருக்கும் சிறு தாங்கியின்மேல் வையுங்கள்.

நம்மவர்கள் கூச்சத்தை விட வேண்டிய இடம் ஒன்று உண்டு. இடக்கையை உணவிலிருந்து விலக்கி வளர்ந்த நமக்கு, ஜப்பானிய மேசையில் இடக்கைக்கு வேலை இருப்பது விந்தையாகத் தோன்றும். சோற்றுக் கிண்ணத்தையும் சூப் கிண்ணத்தையும் இடக்கையில் ஏந்தி, வாயருகே கொண்டுவந்து சாப்பிடுவதே அங்கே முறை. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அதன்மேல் குனிந்து சாப்பிடுவதைத்தான் நாகரிகக் குறைவாகக் கருதுவார்கள். மிசோ சூப்புக்குக் கரண்டி வராது. கிண்ணத்திலிருந்து நேராகக் குடித்து, உள்ளே இருக்கும் தோஃபுவையும் கடற்பாசியையும் குச்சியால் எடுக்க வேண்டும். ராமென் கிண்ணம் கனமானது என்பதால் இதற்கு விலக்கு. அதற்குக் கரண்டி உண்டு.

ஏழாம் படி: சூஷியும் ராமெனும்

கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: சோற்று உருண்டையின்மேல் மீன் துண்டு வைத்த நிகிரி சூஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது முறையானதே. சோற்றுப் பக்கத்தைச் சோயா சாஸில் நனைத்தால் சோறு உறிஞ்சி உதிர்ந்துவிடும்; எனவே துண்டைச் சாய்த்து மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தொட்டு, ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வசாபி என்னும் காரமான பச்சை விழுதைச் சோயா சாஸில் கரைத்துக் குழம்பாக்குவது ஐரோப்பா முழுவதும் பரவிய பழக்கம். யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் இரண்டின் சுவையும் கெடும். பெரும்பாலான கடைகளில் தரும் வசாபி, குதிரைமுள்ளங்கியில் பச்சை நிறம் சேர்த்தது. அசல் வசாபிக் கிழங்கை மேசையில் சீவித் தரும் கடை விலையுயர்ந்தது என்று புரிந்துகொள்ளலாம். இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் நாக்கைத் துடைக்க. சூஷியின்மேல் வைத்துச் சாப்பிட அல்ல. வெண்மையான, மென்சுவை மீனில் தொடங்கிக் கொழுப்பு மிகுந்த மீனுக்குப் போனால் ஒவ்வொன்றின் சுவையும் தனித்துத் தெரியும்.

ராமென் வேறு உலகம். கிண்ணம் வந்தவுடனே சாப்பிடத் தொடங்க வேண்டும். படம் எடுப்பதிலும் பேச்சிலும் நேரம் போனால் நூடுல்ஸ் ஊறிக் குழைந்துவிடும். உறிஞ்சி ஓசையெழச் சாப்பிடலாம். ஜெர்மன் வீட்டு மேசையில் இது முறையற்றது என்றாலும் இந்தத் தெருவில் அதைக் குறையாக நினைப்பவர் யாரும் இல்லை. சூப்பை முழுவதும் குடித்தாக வேண்டியதில்லை. உப்பு அதிகம் என்பதால் மிச்சம் வைப்பதே உடம்புக்கு நல்லது. சில கடைகளில் சூப் மீதமிருக்கும்போது நூடுல்ஸை மட்டும் கூடுதலாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். இதற்குக் காயெடாமா என்று பெயர். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். மற்ற ஜெர்மன் உணவகங்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் வாசலில் வரிசை நிற்கும் ராமென் கடையில் அது அழகல்ல.

எட்டாம் படி: குடிப்பது

மது அருந்துபவர்கள் ஒரு வழக்கத்தை அறிந்தால் போதும்: தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ளாமல், பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்ற வேண்டும், அவர் நமக்கு ஊற்றுவார். எல்லாருடைய கோப்பையும் நிறைந்தபின் 'கம்பாய்' என்று சொல்லிவிட்டுக் குடிக்கலாம். அருந்தாதவர்களுக்கு வாற்கோதுமைத் தேநீர், கோலிக்குண்டு அடைத்த புட்டியில் வரும் ராமுனே சோடா, கல்பிக்கோ என்னும் பால் சேர்ந்த இனிப்பு பானம் ஆகியவை உண்டு.

ஒன்பதாம் படி: பில்

மறுபடியும் ஜெர்மனி. நீங்கள் கேட்காமல் பில் வராது. கேட்காமல் கொண்டுவந்து வைப்பது விரட்டுவதாகப் பொருள்படும் என்று எண்ணுவார்கள். 'சாலென், பிட்டெ' என்று சொன்னால் பணியாளர் வருவார். சேர்த்துக் கட்டுகிறீர்களா, தனித்தனியாகவா என்று கேட்பார். தனித்தனியாக என்றால் யார் எதைச் சாப்பிட்டார் என்று பொறுமையாகக் கணக்குப் போட்டுத் தருவது ஜெர்மனியில் சாதாரணம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பட்டியலில் உள்ள விலைகளில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும்.

டிப்ஸ் கொடுக்க வேண்டும். ஜப்பானில் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் இந்தப் பணியாளர் வாழ்வது டுசெல்டோர்ஃபில். மொத்தத்தில் 5 முதல் 10 விழுக்காடு போதும். மேசைமேல் வைத்துவிட்டுப் போவதைவிட, கட்டும்போதே மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவது வழக்கம். பில் 46 யூரோ என்றால், 50 யூரோ நோட்டை நீட்டி 'ஷ்டிம்ட் சோ' என்றால் மீதி அவருக்கு. அட்டையில் கட்டுவதானால், கருவியில் தொகையைத் தட்டும் முன்பே 'ஐம்பது' என்று சொல்லிவிடுங்கள்.

கையில் ரொக்கம் இல்லாமல் கிளம்ப வேண்டாம். சிறிய கடைகளில் ரொக்கம் மட்டும் என்ற அறிவிப்பைக் காணலாம். ஜெர்மன் வங்கிகளின் அட்டையை ஏற்று, வெளிநாட்டு அட்டையை ஏற்காத கடைகளும் உண்டு. உள்ளே உட்காரும் முன் வாசல் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொள்வது உதவும்.

மிச்சமான சமைத்த உணவைக் கட்டித் தரச் சொல்வது ஜெர்மனியில் இயல்பு. பச்சை மீனைக் கட்டித் தரச் சில கடைகள் மறுக்கும். அதை வற்புறுத்த வேண்டாம். கிளம்பும்போது சமையல் மேடையைப் பார்த்து 'கோச்சிசோசாமா தேஷ்தா' என்று சொன்னால், நல்ல விருந்துக்கு நன்றி என்ற பொருளில் அங்கிருப்பவர்கள் தலை குனிந்து ஏற்றுக்கொள்வார்கள். வெளியே வந்தபின் இம்மர்மன்ஸ்ட்ராசேயில் உள்ள தாக்கா பேக்கரியில் இனிப்புப் பயறு விழுது வைத்த பன்னும், ஜப்பானிய மளிகைக் கடைகளில் மிசோவும் கோம்புவும் வாங்கலாம். மீன் சேராத தாஷியை வீட்டிலேயே எடுத்துப் பார்க்க அந்தக் கோம்புவும் கொஞ்சம் காய்ந்த ஷீட்டாகே காளானும் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியில் மளிகைக் கடைகள் மூடியிருக்கும் என்பதால், சாப்பாட்டோடு கடைவீதியும் பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமை மதியத்துக்குத் திட்டமிடுவது நல்லது.